படலைக்கு வெளியே நிற்கும் துப்பறிவாளன்

(வாசிப்பு மாதத்தையொட்டி எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, நிலையத்தின் நிர்வாகிகளே, ஊர்ப் பெரியோர்களே, பின்வாங்கில் நெருக்கியடித்து இருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

வாசிப்பு மாதத்துக்கு ஏதாவது பேச வேண்டும் என்று செயலாளர் தம்பி கேட்டபோது, நான் திருக்குறளோ கந்தபுராணமோ சொல்லுவேன் என்று நினைத்திருப்பார். துப்பறியும் நாவலைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். ஒரு கணம் யோசித்துவிட்டு, "சரி ஐயா" என்றார். அவருக்கு என் நன்றி.

காரணம் இதுதான். வைகாசி மாதம் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் மூன்று சீ.ஆர். கொப்பிகளைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். தன்னுடைய பேரை எங்கேயும் சொல்லக் கூடாது என்று கேட்டிருக்கிறார், சொல்லமாட்டேன். கொப்பி நிறைய நீல மை. முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதி எழுதிப் பழகிய அதே சரிந்த எழுத்து. "அண்ணை, நீங்கள் முப்பது வருஷம் கோட்டிலை மொழிபெயர்ப்பாளரா இருந்தனீங்கள். எங்கை பிழை எண்டு பாத்துச் சொல்லுங்கோ" என்றார். இரண்டு இரவில் வாசித்து முடித்தேன்.

அது ஒரு துப்பறியும் நாவல். ஆனால் அதன் நாயகன் பொலிஸ்காரன் இல்லை, தனியார் துப்பறிவாளன். ஒருவரைக் கைது செய்ய அவனுக்கு அதிகாரம் இல்லை. வீடு புகுந்து சோதிக்க ஆணை இல்லை, ஜீப் இல்லை. ஒரு பழைய சைக்கிளும் ஒரு குடையும்தான் இருக்கின்றன. வாழ்நாளெல்லாம் காக்கி போட்ட மனிதர், எழுத உட்கார்ந்தவுடன் தன் நாயகனின் உடம்பிலிருந்து முதலில் கழற்றியது அந்தக் காக்கியைத்தான். இந்த ஒரு விடயம் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. இன்று உங்களோடு பேச வந்ததும் இதைத்தான்.

உலகத்தில் இந்த வேலையைச் செய்த முதல் ஆள் நம்முடைய சார்ஜன்ட் இல்லை. பாரிசில் விடோக் என்பவர் குற்றவாளியாக இருந்து பொலிஸ் பக்கம் வந்து, துப்பறியும் பிரிவுக்கே தலைவராகி, அதிலிருந்து விலகி, 1833இல் சொந்தமாக ஒரு துப்பறியும் பணியகம் நடத்தினார். கல்கத்தாப் பொலிசில் துப்பறியும் பிரிவில் இருந்த பிரியநாத் முகோபாத்தியாய் 1892 முதல் தன் வழக்குகளை வங்காளத்தில் கதைகளாகத் தொடர்ந்து வெளியிட்டார். இவர்களைப் பற்றித் தனியாக இன்னொரு நாள் பேசலாம். இன்று எனக்கு வேண்டியவர் டாஷியல் ஹாமெட்.

ஹாமெட் 1894இல் அமெரிக்காவில் பிறந்தவர். இருபத்தொரு வயதில், 1915இல், பால்டிமோர் நகரத்தில் பிங்கர்டன் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தில் சேர்ந்தார். திறந்திருக்கும் ஒரு கண்தான் அந்த நிறுவனத்தின் சின்னம். அதன் கீழே ‘நாங்கள் உறங்குவதே இல்லை’ என்று எழுதியிருப்பார்கள். இடையில் படைக்குப் போனார், அங்கே காசநோய் பிடித்துக்கொண்டது. திரும்பி வந்து கொஞ்சக் காலம் அதே வேலையைச் செய்துவிட்டு, உடம்பு தாங்காமல் 1922இல் விட்டார். அடுத்த வருடமே அவருடைய துப்பறிவாளன் அச்சில் வந்துவிட்டான். குள்ளமான, தடித்த, நடுத்தர வயது ஆள். கடைசிவரை அவனுக்கு ஒரு பெயர்கூட ஹாமெட் வைக்கவில்லை. 1930இல் வந்த ‘மால்டாப் பருந்து’தான் அவரை உலகறியச் செய்தது.

அந்த 1923ஆம் ஆண்டிலேயே தன் பழைய தொழிலைப் பற்றிச் சின்னச் சின்னக் குறிப்புகளாக ஒரு சஞ்சிகையில் எழுதினார். அதில் இரண்டு குறிப்புகளை என்னால் மறக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒருவனைப் பின்தொடர்ந்து போகிறார். அவன் நாட்டுப்புறப் பக்கம் நடக்கப் போய் வழி தவறிவிடுகிறான். கடைசியில் பின்தொடர்ந்த இவரே அவனுக்கு ஊருக்குத் திரும்பும் வழியைச் சொல்ல வேண்டி வந்தது. மற்றது, தென் பகுதி நகரம் ஒன்றின் பொலிஸ் தலைவர் தேடப்படும் ஆள் ஒருவனின் அங்க அடையாளங்களை இவருக்குச் சொல்கிறார். கழுத்தில் இருக்கும் மச்சம் வரைக்கும் சொன்னவர், அந்த ஆளுக்கு ஒரு கைதான் உண்டு என்பதைச் சொல்லவில்லை.

பிள்ளைகளே, இந்தக் குறிப்பைக் கவனியுங்கள். மச்சத்தைக் காண்கிற கண்ணுக்கு இல்லாத கை தெரியவில்லை. படிவத்தில் ‘மச்சம்’ என்று ஒரு இடம் இருந்திருக்கும், அதை நிரப்பியிருப்பார்கள். வேலை பார்த்துக் களைத்த ஒருவனுக்குத்தான் இது தெரியும். வீட்டிலிருந்து கற்பனை பண்ணுகிறவனுக்கு வராது. நானும் பள்ளிக்கூடக் காலத்தில் தமிழ்வாணனின் சங்கர்லாலைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து வாசித்தவன்தான். அந்தச் சுகம் வேறு. சங்கர்லால் பிழை விடமாட்டார். தொழில் செய்தவன் எழுதுகிற கதையில் பிழைதான் முதலில் வரும்.

இப்போது நம்முடைய ஊருக்கு வருகிறேன்.

பல வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த நீதிமன்றத்தில் ஒரு களவு வழக்கு. தோட்டக்காரர் ஒருவரின் இறைப்பு மெசின் இரவோடு இரவாகக் களவு போய்விட்டது என்று முறைப்பாடு. பக்கத்துக் காணியில் கூலி வேலை செய்த பெடியன் ஒருவனைப் பிடித்துவிட்டார்கள். அயலில் எல்லோரிடமும் விசாரித்தாயிற்று. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காணிக்கு எதிர்வீட்டில் ஒரு ஆச்சி. அவவிடமும் போயிருக்கிறார்கள். "கள்ளனைக் கண்டனீங்களோ?" என்று கேட்டிருக்கிறார்கள். "நான் ஒருத்தரையும் காணேல்லை" என்று ஆச்சி சொல்லியிருக்கிறா. அப்படியே எழுதிப் படலையைச் சாத்திவிட்டு வந்துவிட்டார்கள். ஆச்சி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மறுமொழி சொன்னா.

ஒரு தவணையன்று ஆச்சி வேறொரு காணி வழக்குக்காக வந்து வேப்பமரத்தின் கீழே குந்தியிருந்தா. நான் தேத்தண்ணி குடிக்கப் போகிற வழியில், "என்னண ஆச்சி, உங்கடை அயலிலை களவாமே" என்று சும்மா கேட்டேன். வெற்றிலையை ஒதுக்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டா: "களவு போன மெசினாலேயோ தம்பி, அண்டைக்கு விடியக்காலமை வெங்காயத்துக்கு இறைச்சது? வாய்க்கால் ஈரமாயெல்லோ கிடந்தது."

அந்த இடத்திலேயே எனக்கு உடம்பு சிலிர்த்தது. வழக்கு முழுவதும் அந்த ஈர வாய்க்காலுக்குள் கிடந்தது. நான் நீதிமன்ற ஊழியன், வழக்குக்குள் தலை போடக் கூடாது. "ஆச்சி, இதைப் பெடியன்ரை சட்டத்தரணியிட்டைச் சொல்லுங்கோ" என்று மட்டும் சொன்னேன். அடுத்த தவணையில் ஆச்சி சாட்சிக் கூண்டில் ஏறினா. பெடியன் வெளியே வந்தான்.

ஏன் அந்த ஈரம் முதலில் விசாரணைப் புத்தகத்தில் ஏறவில்லை? விசாரித்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. படலையடியில் காக்கி வந்து நின்றால் நம்முடைய ஆட்கள் ஒன்றுக்கு ஒன்றுதான் மறுமொழி சொல்வார்கள். அதற்கு இந்த மண்ணில் காரணம் உண்டு. 1981இல் ஓர் இரவு, 97,000 புத்தகங்களோடு எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஊருக்குள் நின்ற சீருடையை ஒருவரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த காலத்தில், கண்டதைச் சொன்னாலும் ஆபத்து, காணாததைச் சொல்லாவிட்டாலும் ஆபத்து என்று இருந்தது. வாயை மூடிப் பழகிய சனம். ஆனால் அதே சனம் வேலிப் பொட்டுக்குள்ளால் ஒருவருக்கொருவர் எல்லாவற்றையும் சொல்லும். கதியால் வேலி மதிலாக மாறினாலும் அந்தக் கதை நிற்கவில்லை.

சார்ஜன்ட் இதை முப்பது வருடமாக மறுபக்கத்தில் நின்று கண்டவர். தான் கேட்டபோது கிடைக்காத உண்மை, சாரம் கட்டிக்கொண்டு கடையடியில் நின்றபோது காதில் விழுந்ததை அறிந்தவர். ஆகவேதான் தன் நாயகனுக்கு அதிகாரம் கொடுக்கவில்லை. அதிகாரம் இல்லாதவன் மரியாதையாகக் கேட்க வேண்டும், கேட்டுவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். அவருடைய துப்பறிவாளன் முதல் கொப்பியில் பதினெட்டுப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடை வாங்கிலேயே இருக்கிறான். எனக்கு அந்தப் பதினெட்டுப் பக்கமும் பிடித்தது.

இன்னொரு விடயத்தை இங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். நாங்கள் வாசிக்கிற அநேகமான துப்பறியும் கதைகளில், கடைசி அத்தியாயத்தில் குற்றவாளி பொலிசுக்கு முன்னால் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வான், கதை முடிந்துவிடும். நம்முடைய நாட்டு 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலை அந்த எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, எதிராக எண்பிக்கவே முடியாது. அடித்து வாங்கினாலும் சரி, அழுது சொன்னாலும் சரி. 27ஆம் பிரிவில் ஒரு சின்ன வழி இருக்கிறது. அவன் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளோடு நேரே சம்பந்தப்பட்ட சொல் மட்டும் சாட்சியாகும். ‘கத்தியைக் கிணற்றுக்குள் போட்டேன்’ என்பது வரலாம், ‘நான்தான் குத்தினேன்’ என்பது வராது. அந்தப் பழைய சட்டத்தை எழுதியவர்களுக்கு மனிதரைப் பற்றி ஒரு பயம் இருந்திருக்கிறது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்தப் பயத்தைத் தூக்கி எறிந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் சொன்ன ஒப்புதல் செல்லும் என்றது, அது வற்புறுத்தி வாங்கப்பட்டது என்று காட்டும் பாரத்தையும் எதிரியின் தலையில் வைத்தது. எத்தனை பிள்ளைகளின் வாழ்க்கை அந்த ஒரு மாற்றத்தில் போனது என்பதை இந்த மண்டபத்தில் நான் விளக்க வேண்டியதில்லை.

சார்ஜன்ட்டுக்கு இந்தச் சட்டம் தண்ணீர் பட்ட பாடு. அவருடைய நாவலில் குற்றவாளி இரண்டாம் கொப்பியின் நடுவிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறான். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்பதிலிருந்துதான் கதை சூடு பிடிக்கிறது. தமிழில் இப்படி ஒரு துப்பறியும் கதையை நான் வாசித்ததில்லை.

குறையும் சொன்னேன். பெண் பாத்திரங்கள் எல்லோரும் அழுதுகொண்டே இருக்கிறார்கள். வேப்பமரத்து ஆச்சியை மாதிரி ஒருத்தி கட்டாயம் வேண்டும் என்றேன். கொழும்பில் நடக்கிற துரத்தல் காட்சி வேண்டாம் என்றேன், முகத்தைச் சுளித்தார். கதை 1970களோடு நின்றுவிடுகிறது, ஏன் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுக்குப் பிறகு எனக்குத் தெரிஞ்சதை எழுத ஏலாது அண்ணை. அதிலை வாற ஆக்கள் இன்னும் உயிரோடை இருக்கினம்" என்றார். நான் வற்புறுத்தவில்லை. ஹாமெட்டின் கதை ஞாபகம் வந்தது. 1951இல், பிணைப் பணத்துக்கு நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்களைச் சொல்லச் சொல்லி நீதிமன்றம் கேட்டபோது அவர் சொல்ல மறுத்தார், ஆறு மாதத் தண்டனை கிடைத்தது. மற்றவர்களின் வாயிலிருந்து பெயர் எடுப்பதையே தொழிலாகச் செய்த ஆள், தன் வாயிலிருந்து பெயரை விடாமல் சிறைக்குப் போனார். அவருடைய நாவல்களைப் போலவே அந்த மௌனத்தையும் நான் மதிக்கிறேன்.

ஒரு பெரிய பிழையும் கண்டுபிடித்தேன், அதைச் சொல்லிவிட்டு அமர்கிறேன். மூன்றாம் கொப்பியில் கொலைகாரன் கத்தியைக் கிணற்றில் போடுகிறான். நிறைந்த கிணறு, ஆகவே பல நாள் கிடந்தும் ஒருவரும் காணவில்லை. மாதம் ஆவணி என்று எழுதியிருந்தது. ஆவணியில் எங்கள் கிணறுகளில் அடிக்கல் தெரியுமே, எட்டிப் பார்க்கிற சின்னப் பிள்ளைக்கும் கத்தி மினுங்குமே என்றேன். மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார். போன கிழமை கொப்பியைத் திரும்பக் கொண்டுவந்து காட்டினார். ஆவணியை வெட்டி மார்கழி என்று போட்டிருக்கிறார். அதனால் இன்னொரு சிக்கல் வந்துவிட்டது. மார்கழி மழையில் ஒழுங்கையில் கிடந்த சைக்கிள் தடம் அழிந்துபோகும். அவருடைய துப்பறிவாளன் நம்பியிருந்தது அந்தத் தடத்தைத்தான். இனி அவன் அந்த ஒழுங்கையில் இருக்கிற பதினொரு படலையையும் ஒவ்வொன்றாகத் தட்டி, மழைக்குள் குடையோடு நின்று கேட்க வேண்டும். நாலாவது கொப்பியில் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார். நேற்றிரவு வரை ஆறாவது படலை.

வணக்கம்.