செவுளைத் தூக்கிப் பார்

நடுவர் அவர்களுக்கும், ராயபுரத்து மக்களுக்கும், இரண்டு அணியினருக்கும் வணக்கம். மணி அடிப்பதற்குள் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

'பூமியின் பழங்கதையைச் சரியாகச் சொல்வது துணிச்சலான மாற்றுக் கோட்பாடுகளா, ஆதாரம் கேட்கும் அறிவியலா?' என்பது தலைப்பு. அறிவியலே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் மூன்று செய்திகளைச் சொன்னார். குமரிமுனைக்குத் தெற்கே, மடகாஸ்கர் முதல் ஆஸ்திரேலியா வரை ஒரு கண்டமே முழுதாக மூழ்கிப்போனது என்றார். பூமி பலூனைப் போல ஊதிக்கொண்டே வருகிறது, அதனால்தான் கண்டங்கள் பிரிந்தன என்றார். கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன வெகெனரைப் பார்த்துச் சிரித்த கூட்டம்தானே உங்கள் கூட்டம் என்று கேட்டார். மூன்றுக்கும் பதில் கொண்டுவந்திருக்கிறேன்.

ஆனால் போகிற போக்கில் என் பக்கம் திரும்பி ஒன்று சொன்னாரே! "காசிமேட்டுத் தங்கைக்கு நான் சொல்வது புரியும். அறிவியல் என்பது ஐஸ் பெட்டியில் வைத்த மீன். பளபளக்கும், உயிர் இருக்காது." பந்தலே கைதட்டியது. அதற்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

அண்ணா, ஐஸ் மீனைப் பற்றி எங்களிடமா? என் ஆயா காசிமேட்டில் நாற்பது வருடம் மீன் விற்றவள். விடியற்காலை மூன்று மணிக்கு ஏலத்துக்குப் போவாள். எத்தனையோ நாள் கடலில் கிடந்து திரும்பும் விசைப்படகில் ஐஸ் இல்லாமல் ஒரு வஞ்சிரம் கரைக்கு வந்து சேருமா? பிடித்த அன்று மீன் எப்படி இருந்ததோ, அப்படியே காத்துக் கொண்டுவந்து கொடுப்பது அந்த ஐஸ்தான். உயிரோடு துள்ளுகிறது என்று சொல்லிக்கொண்டு வெயிலில் போட்ட மீன் மத்தியானத்துக்குள் நாறிவிடும். இது இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு தாய்க்கும் தெரியும்.

என் ஆயாவிடம் புதிதாக மீன் வாங்க வருகிறவர்கள், "நம்பி வாங்கலாமா?" என்று கேட்பார்கள். எல்லா வியாபாரியும் என்ன சொல்வார்? என்னை நம்புங்கள் என்பார். ஆயா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. "என்னை நம்பாதே அம்மா. செவுளைத் தூக்கிப் பார்" என்பாள். அவளே விரலை விட்டுத் தூக்கியும் காட்டுவாள். செவுள் ரத்தச் சிவப்பாக இருந்தால் நல்ல மீன். பழுப்பேறி இருந்தால் பழைய மீன். கண் மேடிட்டுக் கண்ணாடியாக இருக்க வேண்டும், குழி விழுந்து வெளுத்திருக்கக் கூடாது. முதுகில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் பள்ளம் உடனே மேலே எழும்ப வேண்டும். "மீன் தலையைக் கையால் மறைத்துக்கொண்டு விற்கிறவளிடம் வாங்காதே" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். நான் பிறகு நிலவியல் படித்தேன். அதில் என் பேராசிரியர்கள் சொல்லிக் கொடுத்தது எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரைதான்.

அண்ணன் கொண்டுவந்த மீன்களின் செவுளை இப்போது தூக்கிப் பார்ப்போம்.

முதல் மீன், லெமூரியா. அந்தப் பெயரைக் கொடுத்தது யார்? 1864-ஆம் ஆண்டு ஃபிலிப் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர். மடகாஸ்கரில் நிறைந்திருக்கும் லெமூர் என்ற மரவிலங்குகளுக்கு உறவான நம் தேவாங்கு இந்தியாவில் எப்படி இருக்கிறது என்று யோசித்தார். நடுவில் ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்றார். அந்தக் காலத்துக்கு அது நியாயமான யோசனை. கண்டங்கள் நகரும் என்று அன்று யாருக்கும் தெரியாது. ஆனால் 1972-இல் குளோமர் சேலஞ்சர் என்ற கப்பல் இந்தியப் பெருங்கடலுக்கு வந்து, ஆழ்கடல் தரையையே துளைத்துப் பார்த்தது. எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்புப் பாறைதான் அந்தத் தரை. மூழ்கிப்போன பெருங்கண்டம் அங்கே இல்லை. கண்டத்துப் பாறை எடை குறைந்தது, கடல் தரையின் பாறை கனத்தது. கட்டுமரம் கல்லைப் போல மூழ்காது. மொரீஷியஸ் தீவில் மட்டும் பழைய கண்டத்துச் சிர்க்கான் என்ற கனிமத்தின் துகள்கள் கிடைத்தன. இந்தியாவும் மடகாஸ்கரும் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு பிரிந்தபோது உடைந்த சில்லு அது என்று, தங்களுக்குப் புதிதாகத் தெரிந்ததை விஞ்ஞானிகளே 2013-இல் ஊரறியச் சொன்னார்கள். அது உடைந்த காலத்தில் மனிதனே கிடையாது.

அப்படியானால் கடல் நிலத்தைக் கொண்டது என்று சிலப்பதிகாரம் சொன்னது பொய்யா என்று அண்ணன் கேட்கலாம். யார் சொன்னது பொய் என்று? சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, பனியுகத்தின் உச்சத்தில், கடல் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. ராமேசுவரத்திலிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். பனி உருகியது, கடல் ஏறியது, கரை போனது. அவ்வளவு பழைய நினைவு பாட்டில் தங்கியதா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் கடல் கரையைத் தின்னும் என்பதை நமக்கு யார் சொல்ல வேண்டும்? நம் கடற்கரையில் மணல் ஆண்டு முழுவதும் மொத்தக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகத்துக்குச் சுவர் கட்டினார்கள். தெற்கே மணல் தேங்கி மெரினா விரிந்தது. வடக்கே மணல் வராமல் ராயபுரமும் திருவொற்றியூரும் கரைந்தன. அலையைத் தடுக்கும் தூண்டில் வளைவுக்குக் கல் கொட்டும் லாரிகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். நம் முன்னோரின் கண்ணீரை நம்புவதற்கு எனக்கு ஒரு கண்டம் மூழ்கத் தேவையில்லை அண்ணா. ஒரு தெரு மூழ்கினாலே போதும்.

இரண்டாவது மீன், வெகெனர். சிரித்தார்கள், உண்மைதான். 1912-இல் அந்த ஜெர்மானிய வானிலை ஆய்வாளர் கண்டங்கள் நகர்கின்றன என்றபோது நிலவியலாளர்களில் பலர் ஏற்கவில்லை. 1930-இல் கிரீன்லாந்துப் பனியில் இறந்துபோனார், தன் வெற்றியைப் பார்க்காமலேயே. எனக்கும் அது வலிக்கிறது. ஆனால் அவரை ஏற்க வைத்தது எது? அவர் செவுளை மறைக்கவில்லை. இந்தப் புதைபடிவத்தைப் பாருங்கள், இந்தப் பாறையைப் பாருங்கள், தென்கண்டங்களில் பனி உரசிய தழும்பைப் பாருங்கள் என்று திறந்து வைத்தார். எந்த விசை தள்ளுகிறது என்பதற்கு மட்டும் அவரிடம் சரியான விடை இல்லை. 1950-களில் மேரி தார்ப் என்ற பெண் அட்லாண்டிக் கடல் தரையை வரைந்தபோது, நடுவில் ஒரு பிளவு நீண்டு கிடப்பதைக் கண்டார். 1963-இல் வைன், மேத்யூஸ் இருவரும் கடல் தரையில், பிளவின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பதிந்திருந்த காந்தக் கோடுகளைப் படித்தார்கள். தரை பிளந்து விலகுவது தெரிந்தது. சிரித்தவர்கள் வாயை மூடினார்கள். சிரிப்பை வாங்கியதால் வெகெனர் ஜெயிக்கவில்லை அண்ணா, சோதனையைத் தாங்கியதால் ஜெயித்தார்.

மூன்றாவது மீன், ஊதும் பூமி. செயற்கைக்கோள்களை வைத்து அளந்து 2011-இல் சொல்லிவிட்டார்கள். பூமியின் ஆரம் ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் மாறுவதாகக் கணக்கு வந்தது, அதுவும் அளவின் பிழைக்குள் அடங்கிவிடுகிறது. அதைக்கூட விடுங்கள். பூமி ஊதுகிறது என்பவர்கள், கடல் தரை எங்கேயும் உள்ளே போவதில்லை என்கிறார்கள். போகிறது என்று நமக்குக் காட்டிய நாள் ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26, காலை 6 மணி 28 நிமிடம். சுமத்ராவுக்கு அருகே, கடல் தரை பூமி ஓட்டின் மற்றொரு தட்டுக்கு அடியில் போகும் இடத்தில், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளத்துக்குத் தரை ஒரே வீச்சில் நழுவியது. அந்தத் தண்ணீர்தான் நம் வீட்டுக்குள் வந்தது. இந்தப் பந்தலில் அந்த நாளை மறந்தவர் யார்?

நான் பேச வந்தது 26-ஆம் தேதியைப் பற்றி அல்ல. அதற்கு நான்கு நாள் கழித்து வந்த 30-ஆம் தேதியைப் பற்றி. நினைவிருக்கிறதா? எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பகலில், "மறுபடியும் அலை வருகிறது" என்று ஒரு குரல் எழுந்தது. அவ்வளவுதான். காசிமேடு முழுவதும் மேற்கே ஓடியது. எதிர்வீட்டு அக்கா தொலைக்காட்சிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினாள். ஒரு பையன் இரண்டு சேவல்களைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு ஓடினான். ஒருவர் காலி எரிவாயு உருளையைத் தோளில் சுமந்தார். ஏன் காலி உருளை என்று கேட்க யாருக்கும் நேரம் இல்லை. என் ஆயா எதை எடுத்தாள் தெரியுமா? அரிவாள்மனையை. சாக்கில் சுற்றி, குழந்தையைப் போல அணைத்துக்கொண்டாள். "அதைப் போடு அத்தை" என்று அம்மா கத்தினாள். "அலை வந்து போனபின் நாளைக்கு எதை வைத்துச் சோறு தின்போம்?" என்றாள் ஆயா. அந்த அரிவாள்மனையை மறந்துவிடாதீர்கள்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையைத் தாண்டினோம். தண்டையார்பேட்டை மார்க்கெட்டைத் தாண்டினோம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. பின்னால் கடல் வருகிறது என்று கூட்டம் நெருக்குகிறது, முன்னால் கேட். குனிந்து நுழைந்தார்கள், ஏறிக் குதித்தார்கள். ஆயா குனிந்தபோது யாரோ ஒரு குழந்தை அவள் கைக்குக் கீழே புகுந்தது. சாக்கு விலகி அரிவாள் வெளியே தெரிந்தது. குழந்தையின் கழுத்துக்கும் அந்த அரிவாளுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயா அரிவாள்மனையோடு தன்னைப் பக்கவாட்டில் தூக்கிப் போட்டாள். தண்டவாளத்தில் முழங்கால் மோதிய சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அலை வரவில்லை. வரவே இல்லை. பிறகுதான் பத்திரிகைகளில் படித்தோம். நிலநடுக்கம் எப்போது, எங்கே வரும் என்று முன்கூட்டியே சொல்லத் தங்களுக்கென்று ஒரு வழி இருப்பதாகக் கடல் கடந்த தேசத்துத் தனியார் நிறுவனம் ஒன்று சொல்லியிருக்கிறது. அந்தச் சொல் எச்சரிக்கையாக நம் கரை வரை வந்துவிட்டது. நாள் குறித்து நிலநடுக்கத்தைச் சொல்ல இன்றுவரை உலகில் யாராலும் முடியவில்லை. அன்று அதன் செவுளை யாரும் தூக்கிப் பார்க்கவில்லை.

ஆயாவின் முழங்கால் சில்லு உடைந்துபோனது. ஒரு காலை மடித்து, ஒரு முட்டியை அரிவாள்மனைப் பலகையில் ஊன்றித்தான் மீன் வெட்ட முடியும். அதற்குப் பிறகு அவளால் அப்படி உட்கார முடியவில்லை. நாற்பது வருடத் தொழில் அந்த ரயில்வே கேட்டில் முடிந்தது. அவள் கடலைப் பார்க்கவும் போகவில்லை. திண்ணையில் மேற்குப் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொள்வாள்.

2012 ஏப்ரல் 11. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் நம் கட்டடங்கள் ஆடின. சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் பெரிய நிலநடுக்கம். எச்சரிக்கை வந்தது. தெரு மறுபடியும் காலியானது. ஆயா திண்ணையை விட்டு எழவில்லை. "அன்றைக்கும் இப்படித்தான் ஓடச் சொன்னார்கள். நான் வரவில்லை" என்றாள். பொய் ஒன்றை நம்பி ஓடியவள், மெய் வந்தாலும் எழ மாட்டாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் மண்டியிட்டு முதுகைக் காட்டினேன். "ஏறு ஆயா" என்றேன்.

"இந்தத் தடவை சொன்னவன் யார்?"

"ஐதராபாத்தில் ஒரு மையம் வைத்திருக்கிறார்கள் ஆயா. 2007-இல் தொடங்கினார்கள்."

"செவுளைத் தூக்கிக் காட்டுவானா?"

"காட்டுவான். கடலுக்கு அடியில் கருவி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஏறினால் அதில் தெரியும். ஏறவில்லை என்றால், ஏறவில்லை என்று அவர்களே வந்து சொல்லிவிடுவார்கள்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்த இரண்டு கைகளும் என் கழுத்தைச் சுற்றின. எத்தனை வருடம் கழிந்தாலும் அந்தக் கையில் மீன் வாசனை போகாது.

அந்த நிலநடுக்கத்தில் தட்டு பக்கவாட்டில் நழுவியது, கடல் தரையைப் பெரிதாக மேலே தூக்கவில்லை. கருவிகளைப் பார்த்து, மாலையில் எச்சரிக்கையை அவர்களே விலக்கிக்கொண்டார்கள். வீட்டுக்குத் திரும்பி வரும்போது ஆயா என் முதுகில் இருந்தபடியே, "சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டானே" என்றாள். வீட்டு வாசலில் இறக்கப் போனேன். "இங்கே வேண்டாம், அந்தப் பக்கம் போ" என்றாள்.

தூண்டில் வளைவின் மேல் ஒரு கருங்கல்லில் அவளை உட்கார வைத்தேன். ஏழு வருடம் கழித்து அவள் கடலைப் பார்த்தாள். இருட்டும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நடுவர் அவர்களே, வணக்கம்.