சும்மா இருந்தாலும் தீரும் பேட்டரி

வணக்கம் நண்பர்களே. மேசை மேல் இருக்கும் இந்த இரண்டு சின்ன சென்சார் போர்டுகளுக்கும் ரவுட்டர் கிடையாது, டவர் கிடையாது. தங்களுக்குள்ளேயே பேசி, வந்த தகவலைப் பக்கத்துப் போர்டுக்குக் கைமாற்றிவிடும். இதுதான் அட் ஹாக் நெட்வொர்க். ஒவ்வொன்றிலும் ஒரு சிசி2420 ரேடியோ சிப், இரண்டு ஏஏ பேட்டரி.

இப்போது மல்டிமீட்டரைத் தொடராக மாட்டுகிறேன். கொஞ்சம் கிட்டே வந்து பாருங்கள். எதையும் அனுப்பவில்லை, எதுவும் வரவும் இல்லை. ஆனாலும் 20 மில்லிஆம்பியருக்கு மேலே நிற்கிறது! சிப்பின் டேட்டாஷீட்டைப் பார்த்தால் புரியும்: ரேடியோவுக்கு மட்டும் முழு பவரில் அனுப்ப 17.4, கேட்க 18.8. பேசுவதைவிட, யாராவது கூப்பிடுவார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பதுதான் அதிகம் தின்கிறது. 2,500 எம்ஏஎச் பேட்டரி என்றால் ரேடியோ ஒன்றுக்கே ஐந்தரை நாளில் காலி.

2002-ல் அமெரிக்காவின் கிரேட் டக் தீவில், கடற்பறவைகளின் வளைகளுக்குள் இந்த மாதிரிக் கருவிகளை வைத்தார்கள். குஞ்சு பொரிக்கும் நேரத்தில் யாரும் பக்கத்தில் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காகத்தான் வைத்ததே. அங்கே போய் அடிக்கடி பேட்டரி மாற்ற முடியுமா?

சரி, ரேடியோவைத் தூங்க வைக்கலாம். ஆனால் நான் விழித்திருக்கும்போது நீ தூங்கினால் பேச்சு எப்படி நடக்கும்? அதே 2002-ல் வெய் யே, ஜான் ஹைடமன், டெபோரா எஸ்ட்ரின் என்ற ஆராய்ச்சியாளர்கள் மூவரும் எஸ்-மேக் முறையை வெளியிட்டார்கள். அக்கம்பக்கத்துப் போர்டுகள் நேரம் பேசி வைத்து, சேர்ந்து தூங்கிச் சேர்ந்து விழிக்கும். கடிகாரக் கிரிஸ்டல் பத்து லட்சத்துக்கு 20 பிசகினாலே ஒரு நாளில் 1.7 விநாடி தள்ளிப்போகும். அதனால் அவ்வப்போது நேரத்தைச் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

2004-ல் வந்த பி-மேக் என்ற முறையில் இப்படி நேரம் பேசி வைப்பதே இல்லை. கேட்பவர் கண நேரம் மட்டும் எட்டிப் பார்ப்பார். அனுப்புபவர்தான் அவர் விழிக்கும்வரை நீளமாகக் கூப்பிட வேண்டும். எப்போதாவது ஒருமுறை பேசும் சென்சாருக்கு எனக்குப் பிடித்தது இதுதான்.

இப்போது நூற்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் ரேடியோ விழிக்கிற மாதிரி மாற்றிவிட்டேன். அப்புறம் ஒரு விஷயம்: மீட்டரை மைக்ரோஆம்பியர் ரேஞ்சில் வைக்காதீர்கள். அந்த ரேஞ்சில் மீட்டரின் உள் மின்தடை அதிகம். ரேடியோ விழிக்கும் நொடியில் வோல்டேஜ் விழுந்து போர்டு ரீசெட் ஆகிவிடும். நேற்று இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

கணக்குப்படி ரேடியோ ஒன்றரை வருடம் ஓட வேண்டும். இன்று ராத்திரியே இரண்டையும் மொட்டைமாடியில் வைக்கிறேன். மாதாமாதம் வோல்டேஜ் அளந்து காட்டுகிறேன்.