அம்மாவின் கூலியை எங்கே எழுதினாய்?

(கிளிநொச்சியில் ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். ஆசிரிய நண்பர்களே, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் அம்மாமாரே, ஐயாமாரே, முன்வரிசையில் கொப்பியும் பேனையுமாக அமர்ந்திருக்கும் பிள்ளைகளே!

பத்தாம் தரத்துக்கு மேல் படிக்கும் பிள்ளைகளுக்கு முயற்சியாண்மையை எப்படிக் கற்பிப்பது, ஒரு தொழிலுக்கான திட்டத்தை எழுத அவர்களை எப்படிப் பழக்குவது என்று பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் வன்னியில் கணக்கீடு கற்பித்தவள் நான். கட்டடத்திலும் கற்பித்தேன், மர நிழலிலும் தறப்பாளின் கீழும் கற்பித்தேன். முயற்சியாளர் என்பவர் யார் என்று கேட்டால் எங்கள் பிள்ளைகள் வரைவிலக்கணத்தை வரி பிசகாமல் எழுதிவிடுவார்கள். ஆகவே அதை விட்டுவிட்டு முறிகண்டியிலிருந்து தொடங்குகிறேன்.

கண்டி வீதியில் வடக்கே போகும் வாகனமும் தெற்கே போகும் வாகனமும் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நின்றுதான் போகும். சாரதி இறங்கித் தேங்காய் உடைப்பார், பயணிகள் கற்பூரம் கொளுத்திக் கும்பிடுவார்கள், திரும்பி வரும்போது கச்சான் (நிலக்கடலை) வாங்குவார்கள். அந்தக் கச்சான்காரப் பெண்களைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். எந்த பஸ் எத்தனை நிமிடம் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். குழந்தையோடு வருபவரிடம் நாலு கச்சானைக் கையில் கொடுத்து ருசி பார்க்கச் சொல்வார்கள். 2006 ஆகஸ்டில் போரால் பாதை மூடப்பட்டபோது கச்சான் இருந்தது, வறுக்கக் கை இருந்தது, நின்று வாங்க வண்டிதான் இல்லை. சந்தை என்ற சொல்லுக்கு அந்தப் பெண்கள் படித்த பாடம் அது.

அப்படி ஒரு தாயின் மகள் பதினோராம் தரத்தில் என்னிடம் படித்தாள். செயற்றிட்டத்துக்குத் தன் வீட்டுத் தொழிலையே எழுதி வந்தாள். அவளுடைய கொப்பியின் அந்தப் பக்கம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பச்சைக் கச்சான் 10 கிலோ, கிலோ 600 ரூபாய்ப்படி 6000. விறகு 300. கடதாசிப் பை 400. போக்குவரத்து 200. மொத்தச் செலவு 6900. மணல் போட்டு வறுத்தால் 10 கிலோ 9 கிலோவாகும். நூறு கிராம் பை 90, பை ஒன்று 100 ரூபாய், வரவு 9000. கடைசி வரியில் சிவப்புப் பேனையால் இரண்டு கோடு போட்டு, "இலாபம் 2100" என்று எழுதியிருந்தாள்.

கூட்டல் கழித்தலில் பிழை எதுவும் இல்லை. அந்த 10 கிலோவும் விற்று முடிய எத்தனை நாள் என்று கேட்டேன். சாதாரண நாட்களில் இரண்டு நாள் என்றாள். அம்மா எத்தனை மணிக்கு எழும்புவார் என்று கேட்டேன். நாலு மணிக்கு என்றாள். "அம்மாவின் கூலியை எங்கே எழுதினாய்?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்கு யார் ரீச்சர் கூலி கொடுக்கிறது?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அயலில் பெண்களுக்கு அப்போது நாட்கூலி 1500 ரூபாய். இரண்டு நாளுக்கு 3000. அதைச் செலவுப் பக்கத்தில் எழுதச் சொன்னேன். எழுதினாள். 2100 இலாபம் 900 நட்டமாக மாறியது. பிள்ளையின் சிரிப்பு நின்றுவிட்டது. கொப்பியை மூடிக்கொண்டு போய்விட்டாள். அன்று இரவு எனக்கும் உறக்கம் வரவில்லை. ஒரு தாயின் பல ஆண்டு உழைப்பை ஒரு வரியில் நட்டம் என்று காட்டிவிட்டோமே என்று மனம் அடித்துக்கொண்டது.

மறுநாள் அவளே வந்தாள். "இனி என்ன செய்வது ரீச்சர்?" என்று கேட்டாள். என்னைப் பொறுத்தவரை முயற்சியாண்மைப் பாடம் அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. நாலு வாரம் நாளுக்கு நாள் கணக்கு எழுதும்படி சொன்னேன். எத்தனை மணிக்குக் கடை விரித்தார்கள், எத்தனை பை விற்றது, எத்தனை மணிக்கு முடிந்தது என்பதோடு, அம்மாவின் நேரத்துக்கும் ஒரு நிரல். தாயும் மகளும் சேர்ந்தே எழுதினார்கள். மாத முடிவில் கொப்பி தானாகப் பேசியது. வெள்ளி, சனி, ஞாயிறு நாட்களில் 10 கிலோவும் ஒரே நாளில் முடிந்திருந்தது. அந்த நாட்களில் அம்மாவின் 1500 ரூபாயைக் கழித்த பிறகும் 600 ரூபாய் மிஞ்சியது. திங்கள் முதல் வியாழன் வரை உட்கார்ந்த நேரமெல்லாம் அந்த 600 ரூபாயைத் தின்றுகொண்டிருந்தது.

பிறகு அவள் எழுதிய திட்டம் வேறு திட்டம். வாரத்தில் மூன்று நாள் மட்டும் கடை. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஆகஸ்டில் மடுத் திருவிழா, நல்லூர்த் திருவிழா என்று வீதியில் சனம் கூடும் நாட்களுக்கு ஒரு நாட்காட்டி. அறுவடையில் விலை இறங்கும்போது பக்கத்துக் கொட்டில்காரர் இருவரோடு சேர்ந்து மூடைக்கணக்கில் வாங்கிக் காய வைப்பது. ஈரம் பட்டால் கச்சானில் பூஞ்சணம் பிடிக்கும், அது உடம்புக்கு நஞ்சு, ஆகவே நிலத்தில் வைக்காமல் பலகை மேல் அடுக்குவது என்றும் ஒரு வரி. அம்மாவுக்கு வாரத்தில் நாலு நாள் கைக்கு வந்தது. அந்த நாட்களில் அவர் கூலிக்குப் போனாரா, வீட்டில் உறங்கினாரா என்று நான் கேட்கவில்லை.

இதைப் போய் இவ்வளவு நேரம் சொல்கிறாளே என்று நினைக்காதீர்கள். நான் திருத்திய நூற்றுக்கணக்கான திட்டங்களில் வீட்டுப் பெண்ணின் உழைப்புக்கு விலை எழுதியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. கோழி வளர்ப்பு என்றால் தீனிக்குக் கணக்கு இருக்கும், கூட்டைக் கழுவும் அக்காவுக்குக் கணக்கு இருக்காது. தையல் என்றால் நூலுக்கு விலை இருக்கும், இரவில் விழித்திருந்த கண்ணுக்கு இருக்காது. இந்தப் பிழையோடு எழுதிய திட்டம் எல்லாமே இலாபம் காட்டும். இலாபம் காட்டுகிறது என்று நம்பித்தான் வீடுகள் கடன் வாங்குகின்றன.

கடனைப் பற்றி இந்தப் பிள்ளைகளிடம் நாங்கள் மறைக்கவே கூடாது. போருக்குப் பிறகு நுண்கடன் எங்கள் படலைவரை வந்தது. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களுக்கு அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. கிழமைக்குக் கிழமை தவணை கேட்டு வருவார்கள் என்று வீட்டைப் பூட்டிவிட்டுக் காட்டுப்பக்கம் போயிருந்த தாய்மாரை எனக்குத் தெரியும். அவர்களின் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள், அதே வகுப்பில் நான் தனிவட்டி கற்பித்தேன்! ஒரு கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்கலாம். 50,000 ரூபாய்க் கடன், ஓராண்டு, வட்டி 24 வீதம், பன்னிரண்டு சம தவணை. வட்டி 12,000, மாதத் தவணை ஏறக்குறைய 5,167. பார்த்தால் சாதாரணமாகத் தெரியும். ஆனால் ஆறாம் மாதத்தில் கடன் முதலின் பாதி திரும்பிப் போய்விட்டது, வட்டியோ முழு 50,000க்கும் கட்டப்படுகிறது. கையில் உண்மையாக இருந்த பணத்துக்குப் பார்த்தால் வட்டி 40 வீதத்தைத் தாண்டுகிறது. குறைந்து செல்லும் மீதிக்கு வட்டியா, தொடக்க முதலுக்கு வட்டியா என்ற ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்த பதினாறு வயதுப் பிள்ளை ஒரு வீட்டையே காப்பாற்றிவிடும்.

நான் செய்த ஒரு பிழையையும் இந்த மேடையில் சொல்ல வேண்டும். 2021இல் ஒரு மாணவன் இறைச்சிக்கோழித் திட்டம் எழுதினான். வரைபடம், அட்டவணை, வண்ண அட்டை என்று பார்க்கவே ஆசையாக இருந்தது. நான் அள்ளிப் புள்ளி போட்டேன். அந்தப் புள்ளியை நம்பித் தகப்பன் நகையை அடகு வைத்துக் கூடு கட்டினார். அடுத்த ஆண்டு பொருளாதார நெருக்கடியில் தீனி விலை எங்கோ போனது, மின்சாரம் மணிக்கணக்கில் நின்றது, எரிபொருள் வரிசையில் சந்தைக்குப் போகும் நாளும் தொலைந்தது. "தீனி விலை இரட்டித்தால் என்ன செய்வாய்?" என்று நான் அவனிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஐம்பது குஞ்சோடு தொடங்கியிருப்பான்.

இத்தகைய அடி எங்களுக்குப் புதிது அல்ல. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் மிளகாயும் வெங்காயமும் வடக்கின் கமக்காரரைத் தூக்கி நிறுத்தின. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் "படித்த வாலிபர் திட்டம்" என்ற திட்டத்தில் காணி பெற்ற இளைஞர்கள் காடு வெட்டி, நீர் இறைத்து, அந்தச் செம்மண்ணில் மிளகாயைச் செழிக்க வைத்தார்கள். 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்தது, இறக்குமதி மிளகாய் வந்தது, விலை சரிந்தது. அவர்கள் சோம்பேறிகள் அல்லர், அறியாதவர்களும் அல்லர். விலையைத் தீர்மானித்த கை அவர்களின் வேலிக்கு வெளியே இருந்தது. எங்கள் தாத்தாமார் அந்தக் கதையை வயல் வரம்பில் சொன்னார்கள். அது திட்டத்தில் "இடர்" என்ற தலைப்பின் கீழ் வர வேண்டிய கதை.

2009இல் போர் முடிந்த பிறகு எங்களுக்கு வந்த வாழ்வாதார உதவியிலோ, யார் வாங்குவார் என்ற கேள்வியே இருக்கவில்லை. ஒரே ஊரில் எல்லா வீட்டுக்கும் கோழி, எல்லா வீட்டுக்கும் தையல் இயந்திரம். கொடுத்த மனத்தை நான் குறை சொல்லமாட்டேன், அந்த நேரத்தில் அது கைப்பிடியாக இருந்தது. ஆனால் எல்லா வீட்டிலும் முட்டை இருந்தால் முட்டையை யார் வாங்குவார்? அந்தக் காலத்தில் வளர்ந்த பிள்ளைகள், திட்டம் என்றால் உதவி கேட்டு நிரப்பும் படிவம் என்று நினைத்துக்கொண்டார்கள். முதல் பக்கத்திலேயே "எமக்குத் தேவையானவை" என்று தொடங்குகிறார்கள். நான் அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொல்வேன். யார் வாங்குவார், இன்று அதை எங்கே வாங்குகிறார், ஏன் உன்னிடம் வரவேண்டும் என்று பத்து வீட்டில் கேட்டு எழுதி வா, பிறகு தேவையைப் பேசுவோம் என்பேன்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆரம்பப் பிரிவில் சிறுவர் சந்தை வைக்கிறோம். சின்னப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கத்தரிக்காயும் முருங்கைக்காயும் கொண்டுவருவார்கள், பெற்றோரே வந்து எல்லாவற்றையும் வாங்கிவிடுவார்கள். அந்த வயதுக்கு அது அழகு. பதினாறு வயதுக்கும் அதையே செய்தால் பிள்ளையை ஏமாற்றுகிறோம். பெரிய பிள்ளைகளின் சந்தையைப் பாடசாலை மதிலுக்கு வெளியே, அறிமுகம் இல்லாத சனம் வரும் இடத்தில் வையுங்கள். போடும் முதலீடு 500 ரூபாய்க்கு மேல் போகாமல் இருக்கட்டும். மத்தியானம் வாடிப்போய் மிஞ்சிக் கிடக்கும் கீரைக்கட்டை என்ன செய்வது என்று பிள்ளை தானே முடிவெடுக்கட்டும், அம்மா வந்து வாங்க வேண்டாம். வணிகப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிவது, உணவுப் பண்டம் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் காண்பது, இவையெல்லாம் ஒரு நாளில் நேரே கூட்டிப்போய்க் காட்டிவிடலாம்.

"படிக்கிற பிள்ளையை வியாபாரத்துக்கு இழுக்கிறீர்களா?" என்று பெற்றோர் கேட்பது எனக்குப் புரிகிறது. இடம்பெயர்ந்து ஓடியபோது நாங்கள் காணியை விட்டோம், மாட்டை விட்டோம், பிள்ளையின் சான்றிதழை மட்டும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு போனோம். படிப்பின் மேல் எங்களுக்கு இருக்கும் பற்று அப்படிப்பட்டது. அதை நான் தொடமாட்டேன். உங்கள் மகள் அரச உத்தியோகத்துக்கே போகட்டும். நாளைக்கு அபிவிருத்தி உத்தியோகத்தராக மேசைக்குப் பின்னால் அமர்ந்து ஊர்ப் பெண்களின் திட்டங்களைப் படிக்கப் போகிறவளும் அவள்தான். கூலி எழுதப்படாத கணக்கு அவள் கண்ணில் பட வேண்டாமா?

நாளை சனிக்கிழமை. பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகள் காலை எட்டு மணிக்குக் கொப்பியோடு முறிகண்டிக் கோயிலடிக்கு வாருங்கள். அங்கே கடை வைத்திருக்கும் அம்மாமாரிடம் பேசி அனுமதி கேட்டிருக்கிறேன், சம்மதித்திருக்கிறார்கள். பஸ் நிற்கும்போது குறுக்கே நிற்காதீர்கள், அது அவர்களுடைய உழைப்பு நேரம். பஸ் போன பிறகு ஆளுக்கொரு பை கச்சான் வாங்குங்கள், காசு கொடுத்து வாங்குங்கள். வாங்கிய பிறகு பக்கத்தில் இருந்து, எத்தனை மணிக்கு எழும்பினீர்கள் அம்மா என்று முதலில் கேளுங்கள்.