எந்தப் பாத்திக்குத் தண்ணீர்?

நேயர்களுக்கு வணக்கம்.

பறவை பார்க்கப் போகிறேன் என்றால், "ஓக்லா சரணாலயத்துக்கா?" என்று கேட்பார்கள் நம் டெல்லி மயூர் விஹார் தமிழ் நண்பர்கள். அங்கேயும் போவதுண்டு. ஆனால் நான் வாரம் தவறாமல் போவது, மெட்ரோவில் யமுனையைக் கடக்கும்போது ஜன்னலில் தெரிகிறதே, அந்தக் காய்கறித் தோட்டங்களுக்குத்தான். அந்தப் படுகைக்கு இங்கே காதர் என்று பெயர். யாரோ பாய் என்று நினைத்துவிடாதீர்கள், வெள்ளம் ஏறி இறங்கும் தாழ்நிலத்துக்கு இந்தியில் அப்படிச் சொல்வார்கள்.

காலிஃப்ளவர், முள்ளங்கி, பாலக், ஓரமாகக் கொஞ்சம் செண்டுமல்லி. ஆரம்பத்தில் விடிகாலையிலேயே போய் நிற்பேன். ஒரு நாள் திருவிழாக் கூட்டம், மறுநாள் ஒரு குருவி இருக்காது. காரணம் புரிய வெகுநாள் ஆயிற்று. பம்ப்செட் ஓடுகிற நாளில்தான் கூட்டம்! மடையைத் திறந்து தண்ணீர் பாத்திக்குள் நுழைந்ததும், மண் வெடிப்பில் ஒளிந்திருந்த பிள்ளைப்பூச்சியும் வண்டும் புழுவும் அலறியடித்து மேலே வரும். நனைகிற மண்ணின் விளிம்போடு விளிம்பாக உண்ணிக்கொக்குகள் நடக்கும். மைனாக்கள் சண்டை போட்டபடியே தின்னும். குளிர்காலமானால் வடக்கேயிருந்து வந்த வாலாட்டிகளும் சேர்ந்துகொள்ளும். கரிச்சான் மட்டும் காலை நனைக்காது. மூங்கில் குச்சியில் உட்கார்ந்து, தப்பிப் பறக்கும் பூச்சியை அந்தரத்திலேயே கவ்விக்கொண்டு திரும்பும். சோம்பேறி என்று நினைத்திருந்தேன். அங்கே இருப்பதிலேயே கெட்டிக்காரன் அதுதான்.

அதனால் இப்போதெல்லாம், நாளைக்கு எந்தப் பாத்திக்குத் தண்ணீர் என்று கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்புகிறேன்.

நீல்காய் என்கிற பெரிய மான் வகையும் அங்கே உண்டு. இரவில் வந்து பயிரை மேய்ந்துவிட்டுப் போய்விடும். காலையில் குளம்புத் தடம் பார்த்து எனக்குச் சந்தோஷம், விவசாயிக்கு வயிற்றெரிச்சல். அந்த நேரத்தில் பைனாகுலரைப் பைக்குள் வைத்துவிடுவது நல்லது.

அப்புறம், நம் ஆள்காட்டிக் குருவி. இந்தியில் இதற்கு டிட்டஹரி என்று பெயர், அது போடும் சத்தமே பெயராகிவிட்டது. நாமோ அது பார்க்கிற வேலையைப் பெயராக்கினோம். யார் வந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். கூடு என்று பெரிதாக ஒன்றும் கட்டாது. வெறும் தரையில் சிறு குழி, பெரும்பாலும் நான்கு முட்டை, மண்கட்டியின் நிறம். மிதிக்கப் போன பிறகுதான் கண்ணில் படும். மேட்டில் முட்டையிட்டால் அந்த வருஷம் மழை கனக்கும் என்பது வடநாட்டு விவசாயிகளிடம் உள்ள நம்பிக்கை.

2023 ஜூலை 13 அன்று டெல்லியில் யமுனையின் நீர்மட்டம், கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்டால், 208.66 மீட்டரை எட்டியது. அதற்கு முந்தைய உச்சம் 1978இல் 207.49. தோட்டம் மொத்தமும் தண்ணீருக்குள். குடும்பங்கள் மேம்பாலத்தடியில் கூடாரம் போட்டிருந்தன. அவ்வளவு நாள் அங்கே சுற்றியும், அந்தக் கோடையில் ஆள்காட்டி முட்டையிட்டது மேட்டிலா பள்ளத்திலா என்று என் நோட்டில் ஒரு வரி இல்லை.

வணக்கம்.