திறப்பு எங்க எண்டு கேட்ட தம்பிக்கு

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம், நேரம் காணாது, நேர விசயத்துக்கே வாறன்.

ரொறன்ரோ மாநகரசபை கூட்டம் தொடங்க முதல், இது பூர்வகுடி மக்களின்ர நிலம் எண்டு ஒரு வசனம் வாசிச்சு அவைக்குச் செய்யிற மரியாதை தேவையோ, வெறும் சடங்கோ எண்டது தலைப்பு. தேவை எண்டு சொல்ல வந்திருக்கிறன். எனக்கு முதல் கதைச்ச எதிரணித் தம்பி என்ன சொன்னவர்? "வீட்டைப் பிடிச்சு வைச்சிருக்கிறவன் ஒவ்வொரு நாளும் வாசலில நிண்டு, இது உங்கட வீடுதான் ஐயா எண்டு கும்பிடுறான், திறப்பை மட்டும் தாறானில்லை" எண்டார். நீங்களும் விழுந்து விழுந்து சிரிச்சுக் கை தட்டினியள். சரி தம்பி, அந்த வீட்டின்ர உறுதிப் பத்திரத்தைப் பாத்தனீங்களோ?

உறுதி எண்டவுடன எல்லாரும் நிமிர்ந்து இருக்கிறியள் பாருங்கோ! அரைப் பரப்புக் காணிக்கு வருசக்கணக்கா வழக்குப் பேசின சனமெல்லோ நாங்கள். அப்ப வடிவாக் கேளுங்கோ. 1787ஆம் ஆண்டு, ஒன்ராறியோ ஏரிக்கரையில குயின்ரி குடாவடியில பிரிட்டிஷ்காரர் இந்த நிலத்துப் பூர்வகுடியான மிசிசாகா சனத்தின்ர தலைவர்மாரைக் கூப்பிட்டுக் கூட்டம் வைக்கினம். முகம் பாக்கிற கண்ணாடி குடுத்தவை, பித்தளைக் கேத்தில் குடுத்தவை, சரிகை வைச்ச தொப்பி குடுத்தவை, 96 கலன் ரம்மும் குடுத்தவை. பேந்து ரொறன்ரோவை வாங்கிப்போட்டம் எண்டிட்டினம். சில வருசம் கழிச்சு தங்கட அதிகாரியளே அந்த உறுதியை எடுத்து விரிச்சுப் பாத்தா, காணி விபரம் எழுதவேண்டிய இடம் வெறுமையாக் கிடக்கு. கிழக்கெல்லை இல்லை, மேற்கெல்லை இல்லை, எத்தினை ஏக்கர் எண்டும் இல்லை. தலைவர்மார் கையெழுத்தாக் கீறின குலச்சின்னம் எங்க? அது வேறொரு தாளில. அந்தத் தாளைக் கொண்டுவந்து இதோட ஒட்டிக்கிடக்கு! திரும்பச் சொல்லுறன், பின் வரிசை ஆக்களுக்கும் கேக்கட்டும், எழுதாத தாள் ஒண்டு, கையெழுத்து வேற தாளில, ரெண்டையும் ஒட்டினா ரொறன்ரோ!

பிழை எண்டு தெரிஞ்சவுடன அந்தச் சனத்திட்டப் போய்ச் சொன்னவையோ? இல்லை. பேசாம இருந்து 1805இல புது உறுதி எழுதினவை, பழசு செல்லாது எண்டதை மறைச்சுப்போட்டு. 250,830 ஏக்கர். விலை 10 ஷில்லிங். டவுன்டவுனில ஒரு மணித்தியாலம் கார் விட நீங்கள் எவ்வளவு கட்டுறியள் அக்கா? 10 ஷில்லிங்! 205 வருசம் கழிச்சு, 2010இலதான் கனடா அரசாங்கம் 145 மில்லியன் டொலர் குடுத்து அந்தக் கணக்கை முடிச்சது.

இந்தக் கதையெல்லாம் எனக்கு எப்பிடி வந்தது? தம்பி சடங்கு எண்டு சொன்ன அதே வசனத்தாலதான். என்ர மகளின்ர பள்ளிக்கூடத்தில காலமை ஸ்பீக்கரில வாசிக்கினம், இது மிசிசாகா, அனிஷினாபே, ஹோடனோஷோனி, வெண்டாட் ஆக்களின்ர நிலம் எண்டு. அவள் வீட்டை வந்து சப்பாத்தும் கழட்டாம நிண்டு கேக்கிறாள், "அப்பா, அந்த ஆக்கள் இப்ப எங்க இருக்கினம்?" தேடிப் பாத்தன். மிசிசாகா சனம் 1847இல கிரெடிட் ஆத்தங்கரையை விட்டிட்டு ஹேகர்ஸ்வில் பக்கம் போக வேண்டி வந்திருக்கு. மகளுக்கு அதைச் சொல்லேக்க எனக்குத் தொண்டை அடைச்சது, ஏனெண்டா நானும் ஊர் விட்டு வந்தவன்.

1990இல சண்டையால யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்ட ஆக்கள் இந்த மண்டபத்தில எத்தினை பேர் இருக்கிறியள்? உங்கட வளவைச் சுத்தி ஆமியின்ர முட்கம்பி. அங்க ஒரு அரச அலுவலகத்தில ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதல் உங்கட அம்மாவின்ர ஊர்ப் பேரைச் சொல்லி, இது இவையின்ர காணி எண்டு எழும்பி நிண்டு வாசிச்சா, அம்மா அதைப் பகிடி எண்டுவாவோ? அழமாட்டாவோ? 2025 மே மாதம் பிரம்ரனில எங்கட தமிழின அழிப்பு நினைவுத்தூபி திறந்த அண்டைக்கு அழுதனாங்கள்தானே. செத்த ஆக்கள் ஆரும் திரும்பி வரேல்லை, எண்டாலும் அழுதனாங்கள். திறப்பைக் கேளுங்கோ தம்பி, நானும் உங்களோட சேர்ந்து கேக்கிறன். அதுக்காக வாசலில சொல்லுற உண்மையை நிப்பாட்டச் சொல்லாதேங்கோ.

மணி அடிச்சிட்டியள், ஒரு நிமிசம் தாங்கோ ஐயா. 1966இல சானி வென்ஜாக் எண்டு 12 வயசுப் பூர்வகுடிப் பொடியன், கெனோராவில, பூர்வகுடிப் பிள்ளையளை வீட்டால பிரிச்சு வைச்ச வதிவிடப் பாடசாலையால ஓடினவன். வீடு கிட்டத்தட்ட 600 கிலோமீற்றர். ரெயில் தண்டவாளத்தைப் பிடிச்சுக்கொண்டு நடந்தவன், குளிரில, மெல்லிய உடுப்போட. தண்டவாளத்துக்குப் பக்கத்திலயே செத்துப்போனான். அப்பாட்டப் போகத்தானே பிள்ளை வெளிக்கிட்டவன்! அப்பிடி 150,000க்கு மேல பிள்ளையளைத் தாய் தேப்பனிட்ட இருந்து பிரிச்சவை. அந்தப் பிள்ளையளுக்காகத்தான் சிற்றி ஹோல் முற்றத்தில, நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில, 2024இல ஒரு தோட்டம் திறந்தவை, கல்லில செய்த பெரிய ஆமை ஒண்டும் அங்க இருக்கு. வாற செப்டெம்பர் 30, அந்தப் பிள்ளையளை நினைக்கிற நாள், உங்கட பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. தம்பி, நீங்களும் வாங்கோ, கென்னடி ஸ்டேசனில நான் நிக்கிறன், சேர்ந்து போவம். வணக்கம்.