கை தூக்கிய பிறகும் ஏன் சுட்டார்கள்?

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெயின்ட்பால் மைதான உரிமையாளர்களே, பகலெல்லாம் மாஸ்க்குக்குள் வியர்த்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் நடுவர்களே, பிள்ளைகளோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, எல்லோருக்கும் என் வணக்கம். எனக்கு முன் பேசிய பயிற்சியாளர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. மாஸ்க்கை எப்படி இறுக்குவது என்று ஒரு சிறுவனை மேடைக்கு அழைத்துச் செய்தே காட்டினார். இந்தக் கூட்டத்துக்கு ஒரு ஆட்டத்தையே விட்டுக்கொடுத்த மைதானத்தாருக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள். சாயக் குண்டுகளால் ஒருவரையொருவர் சுட்டு ஆடும் நம் பெயின்ட்பாலில் இது அப்படியே உண்மை. முதல் நாள் நொந்து போனவர் மறுபடி வருவதில்லை. ஆகவே மூன்று விஷயங்களைப் பேச வந்தேன்: ஆட்டத்துக்கு முன் தரும் விளக்கம், கிட்டத்தில் வந்தால் சுடாமல் சரணடையச் சொல்லும் விதி, சுடும் வேகம்.

விளக்கத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. ‘மாஸ்க்கைக் கழற்றாதே’ என்று மட்டும் சொல்லிப் பயனில்லை. கண்ணாடியில் ஆவி படிந்தால் கை தானாகவே அங்கே போகும். ‘ஆவி படிந்தால் அப்படியே நின்று நடுவரைக் கூப்பிடு, அவர் உன்னை வெளியே அழைத்துப் போவார்’ என்று வழியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்புறம், என் அக்கா மகளின் கதையைச் சொல்லியாக வேண்டும். பதினேழு வயது. நான்தான் கூட்டிப் போனேன். முந்தின இரவே ஷூவை எடுத்து வாசலில் வைத்துவிட்டாள். ஆட்டம் தொடங்கியது. டயர் அடுக்குக்குப் பின்னால் குந்திக்கொண்டு, எட்டிப் பார்ப்பதும் ஒளிவதுமாக இருந்தாள். ஒரு குண்டு சுட்டுவிட்டு, அது எங்கே விழுந்தது என்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நான் வலைக்கு வெளியே நின்று கட்டைவிரலைக் காட்டினேன். பக்கவாட்டில் ஒருவர் வந்தார், பழைய ஆட்டக்காரர். முதல் குண்டு இவள் தோளில் உடைந்தது. உடனே மார்க்கரை, அதாவது குண்டு சுடும் துப்பாக்கியை, தலைக்கு மேல் தூக்கி, ‘அவுட்’ என்று கத்தினாள், சொல்லிக்கொடுத்தபடியே. அதற்குள் முதுகில் இன்னும் ஏழு. வெளியே வந்ததும் அவள் அழவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டே, “மாமா, நான் கை தூக்கிவிட்டேனே, அப்புறம் ஏன் சுட்டார்கள்?” என்று கேட்டாள்.

சுட்டவர் கெட்டவர் இல்லை. ஓடி வந்து மன்னிப்புக் கேட்டார். அவருடைய மார்க்கரைக் குரோனோகிராஃபில் வைத்து, குண்டு வினாடிக்கு 280 அடிக்குள்தான் போகிறது என்று பார்த்த பிறகே உள்ளே விட்டிருந்தார்கள். விதிப்படி எல்லாம் சரி. ஆனால் அந்த மார்க்கரில் ராம்பிங் இருந்தது. விசையைச் சில முறை வேகமாக அழுத்தினால், அதற்கு மேல் அதுவே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். வினாடிக்குப் பத்துக் குண்டு என்பது அதற்குச் சாதாரணம். அடிபட்டதை உணர்ந்து, கை தூக்கி, குரல் கொடுக்கப் புதியவருக்கு ஒரு வினாடியாவது வேண்டாமா? ஒரு குண்டு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கிறோம். எத்தனை குண்டு போகிறது என்று வாசலில் யார் எண்ணுகிறார்கள்? முதல் கோணல் அங்கேதான் விழுகிறது.

அதனால்தான் பம்ப் மார்க்கர், பம்ப் மார்க்கர் என்று போகிற இடமெல்லாம் சொல்லி வருகிறேன். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். அந்த இடைவெளியில் எதிரே இருப்பவர் கை தூக்கிவிடுவார்.

‘பம்ப் என்றால் ஆட்டம் சப்பென்று போய்விடும்’ என்கிறார்கள் நண்பர்கள். 1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் 12 பேர் முதல் ஆட்டத்தை ஆடினார்கள். கையில் இருந்தது மரத்துக்கும் மாட்டுக்கும் அடையாளம் இடுகிற நெல்ஸ்பாட் 007. ஒவ்வொரு முறையும் கையால்தான் ஏற்ற வேண்டும். அன்று எல்லாக் கொடிகளையும் எடுத்து வென்றவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. பதுங்கி நடந்தே ஜெயித்தார். சப்பென்று இருந்திருந்தால் நாம் இன்று இங்கே கூடியிருப்போமா?

சிறுவர்களுக்கு 0.68 அங்குலக் குண்டுக்குப் பதிலாக 0.50 அங்குலக் குண்டு கொடுப்பதையும் வரவேற்கிறேன். எடை பாதிக்கும் குறைவு, வலியும் குறைவு. ஆனால் அதுவும் ஒரே வினாடியில் பத்து வந்தால் குழந்தை பயப்படத்தான் செய்யும்.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். சரணடையும் விதியை இன்னொரு மேடையில் பேசுகிறேன். நம் தீர்மானத்தின் வாசகம் இதுதான்: ‘முதல்முறை ஆடுபவர் ஒருவர் களத்தில் இருந்தாலும், அந்த ஆட்டத்தில் எல்லோரும் பம்ப் மார்க்கரே பிடிக்க வேண்டும், அந்த மார்க்கரை மைதானமே வாடகை கேட்காமல் தர வேண்டும்.’ கையெழுத்துத் தாள் வாசலில் பேரல் உறைகள், அதாவது மார்க்கரின் குழல் வாயை மூடும் உறைகள், வைத்திருக்கும் மேஜையில் இருக்கிறது. பேனாவோடு அங்கே உட்கார்ந்திருப்பது என் அக்கா மகள்தான். வணக்கம்.