அமெரிக்காவில் ஹூண்டாய் நிலைத்தது விலையாலா, வாரண்டியாலா? வாரண்டியால்தான்!

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"4,995 டாலருக்கு வேறு யார் புதுக் கார் தந்தார்கள்? ஹூண்டாய் அமெரிக்காவில் காலூன்றியது விலையால்தான்" என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணி நண்பர். அவர் சொன்ன எண்ணில் தவறில்லை. 1986இல் ஹூண்டாயின் எக்செல் கார் அந்த விலைக்குத்தான் இறங்கியது. முதல் ஆண்டிலேயே 1,68,882 கார்கள் விற்றன; அடுத்த ஆண்டு 2,60,000க்கும் மேல். ஆனால் நண்பர் அங்கேயே கணக்கு நோட்டை மூடிவிட்டார் நடுவர் அவர்களே! 1998ஆம் ஆண்டுப் பக்கத்தை நான் திருப்புகிறேன். அந்த ஆண்டு விற்பனை சுமார் 90,000.

விலையா ஏறிப்போனது? அப்போதும் மலிவு வரிசையில்தான் ஹூண்டாய் நின்றது. சரிந்தது பெயர். அடிக்கடி ரிப்பேர், பழைய கார் சந்தையில் அடிமட்ட மதிப்பு. அதே பணத்துக்கு ஓடித் தேய்ந்த டொயோட்டா ஒன்று கிடைக்கும்போது புது ஹூண்டாயை எதற்கு வாங்க வேண்டும் என்று யோசிக்கிறவரிடம் இன்னும் 500 டாலர் குறைத்து என்ன பயன்? அவருடைய பயம் விலையைப் பற்றியது அல்லவே!

அந்தப் பயத்துக்கு மருந்தாக 1999 மாடல்களோடு வந்ததுதான் வாரண்டி. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 10 ஆண்டு அல்லது 1,00,000 மைல், எது முன்னால் வருகிறதோ அதுவரை. மற்ற பாகங்களுக்கு 5 ஆண்டு, 60,000 மைல். போட்டியாளர்கள் பலர் 3 ஆண்டு, 36,000 மைலோடு நின்ற காலம் அது. நிபந்தனைகளும் உண்டு: 10 ஆண்டு என்பது முதல் உரிமையாளருக்கு மட்டும், கைமாறினால் 5 ஆண்டாகச் சுருங்கும். பிரேக் பேடு, வைப்பர் போன்ற தேய்கிற சாமான்கள் இதில் சேரா. ஆயில் மாற்றிய ரசீது இல்லையென்றால் கிளைமில் இழுபறிதான். இத்தனை இருந்தும் 2000இல் விற்பனை 2,40,000ஐத் தாண்டியது.

இன்னொன்றையும் நடுவர் கவனிக்க வேண்டும். எட்டாம் ஆண்டில் கியர்பாக்ஸ் போனாலும் செலவு கம்பெனியின் தலையில் என்றானபின், தரத்தைத் தொழிற்சாலையிலேயே பிடித்தாக வேண்டும். வாரண்டி வாடிக்கையாளரை மட்டும் மாற்றவில்லை, கம்பெனியையும் மாற்றியது.

2009 ஜனவரியில் பொருளாதார மந்தநிலை உச்சத்தில் இருந்தபோது, "கார் வாங்கி ஓராண்டுக்குள் வேலை போனால் காரைத் திருப்பித் தரலாம்" என்றது ஹூண்டாய். திரும்பி வந்தவை சில நூறு கார்களே. அந்த ஆண்டு அமெரிக்கச் சந்தை ஐந்தில் ஒரு பங்கு சுருங்கியது. ஹூண்டாயின் விற்பனை வளர்ந்தது. இதுவும் விலைக்குறைப்பு அல்ல, பயத்தைத் தீர்த்த ஏற்பாடு.

"ஹூண்டாயின் தீட்டா-2 இன்ஜின் பழுதானதே, அது என்னாயிற்று?" என்று எதிரணி கேட்கும். மறைக்க மாட்டோம். இன்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டைத் தொழிற்சாலையில் கடையும்போது விழுந்த உலோகத் துகள்கள் முழுதாக நீங்காமல் ஆயில் வழிகளில் தங்கின. ஆயில் போதாமல், பிஸ்டனை அந்தத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேயும். முதலில் "டொக் டொக்" என்று ஒரு தட்டல்; இன்ஜின் வேகம் ஏற ஏற அதுவும் ஏறும். அப்படியே ஓட்டினால் ராட் உடைந்து, இன்ஜினின் உடலான பிளாக்கைத் துளைத்துவிடும். 2015 செப்டம்பரில் சுமார் 4,70,000 சொனாட்டா கார்கள் ரீகால் செய்யப்பட்டன, அதாவது குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைக்கப்பட்டன. ரீகால்களைத் தாமதித்த குற்றச்சாட்டில் 2020இல் ஹூண்டாயும் அதன் குழும நிறுவனமான கியாவும் சேர்ந்து 21 கோடி டாலர் அபராத உடன்பாட்டுக்கு வந்தன. அது நியாயமான அடி என்றே சொல்வோம். அப்போதும் வாடிக்கையாளரைத் தக்கவைக்க எதை நீட்டினார்கள்? தள்ளுபடியையா? இல்லை நடுவர் அவர்களே! தட்டலை முன்கூட்டியே கண்டு இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் நாக் சென்சார் மென்பொருளையும், அந்த இன்ஜினின் ஷார்ட் பிளாக்குக்கு, அதாவது பிளாக்குக்கும் அதற்குள் இயங்கும் பாகங்களுக்கும், வாழ்நாள் வாரண்டியையும்தான்.

விலை ஒன்றையே பிடித்துத் தொங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று அங்கேயே இருக்கிறது. சாவியில் உள்ள சிப்பை அடையாளம் கண்டால்தான் இன்ஜினை ஓடவிடும் கருவி இம்மொபிலைசர். அமெரிக்காவில் 2015 மாடல்களில், மற்ற நிறுவனங்களின் கார்களில் 96 சதவீதத்தில் அது அடிப்படையாகவே இருந்தது. ஹூண்டாய், கியாவில் 26 சதவீதத்தில் மட்டும். கனடாவில் சட்டம் கட்டாயமாக்கியிருந்ததால் அங்கே அதைப் பொருத்தியே விற்றார்கள். அமெரிக்காவில் சாவி திருகும் மாடல்களில் விட்டுவிட்டார்கள். யூஎஸ்பி கேபிளை வைத்துக் காரைக் கிளப்பும் வித்தை சமூக வலைத்தளத்தில் பரவியது. ஊர் ஊராகத் திருட்டு. சில நகரங்களில் இந்தக் கார்களுக்குப் புதுக் காப்பீடு தரவே சில நிறுவனங்கள் மறுத்தன. 2023இல் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களுக்கு இலவச மென்பொருள் என்று அறிவிக்க வேண்டி வந்தது. அது ஏறாத கார்களுக்கு ஸ்டியரிங் பூட்டு. வழக்கில் சுமார் 20 கோடி டாலருக்குச் சமரசம்.

ஒரு சிறு கருவியில் மிச்சம் பிடித்த காசுக்கு வந்த பில் இது. விலைதான் ஹூண்டாயை வாழவைத்தது என்று சொல்லும் நண்பர்கள், இந்த 20 கோடியை எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள் என்று நீங்களே கேளுங்கள் நடுவர் அவர்களே!